நாளைப் போகலாம் என்று இவர்களுக்குச் சொல்லாதீர்கள்

என் அக்கா மகள் கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுது சின்னம்மா. என் பேரு போடாத. நண்டு பத்தி தப்பா எழுதாத" என்றாள். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு ஆட்டிசம் இருக்கிறது. பதினைந்து வயதில்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கு முன் அவளுக்கு வேறு பெயர்கள் இருந்தன. மந்தம், அழுத்தக்காரி, திமிர் பிடித்தவள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள், பள்ளியில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். "காலனிப் பிள்ளைங்களுக்கு இவ்ளோ வர்றதே பெருசும்மா, விடுங்க" என்று ஓர் ஆசிரியர் அக்காவிடம் ஆறுதல்போலச் சொன்னார். அக்கா அதை நம்பினாள். நாங்களும் நம்பினோம் என்பதுதான் வெட்கம்.

ஆட்டிசம் சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் அதற்குச் சரியான பெயர் கிடைப்பதில் சாதி இருக்கிறது. இதே பிள்ளை ஒரு டாக்டர் வீட்டில் பிறந்திருந்தால் மூன்று வயதில் யாராவது கவனித்திருப்பார்கள். சேரியில் பிறந்ததால், அவளிடம் தெரிந்த ஒவ்வோர் அறிகுறிக்கும் ஏற்கெனவே ஒரு விளக்கம் தயாராக இருந்தது. 'இவங்க அப்படித்தான்' என்பதே அந்த விளக்கம். நம் தாத்தாக்கள் ஆண்டைகளை நிமிர்ந்து நேராகப் பார்த்ததற்காக அடி வாங்கினார்கள். பாப்பா நேராகப் பார்க்காததற்காகத் திட்டு வாங்கினாள். எப்படிப் பார்த்தாலும் குற்றம் நம்முடையதாகவே இருந்தது.

சட்டமும் தாமதமாகத்தான் வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன ஏழு வகைகளில் ஆட்டிசம் கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் 21 வகைகளைப் பட்டியலிட்டு, அதில் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், வயது வரம்பில் தளர்வு ஆகிய எல்லாம் அந்தச் சட்டத்திலிருந்து வருபவை. இவை நமக்கு வேண்டும். நான் பேச வந்தது இவை தொடாத ஓர் இடத்தைப் பற்றி. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இருக்கும் இடம் அது.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில், அரசுப் பள்ளிப் பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிக்கு அழைத்துப்போய்க் காட்டும் களப்பயணமும் உண்டு. நல்ல திட்டம்தான். கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு நாளாவது உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். பாப்பாவின் பள்ளியிலும் அழைத்துப்போனார்கள். அவளை மட்டும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். "கூட்டத்துல பயந்துக்கும், பாவம்" என்று காரணம் சொன்னார்கள். கெட்ட எண்ணமில்லை. ஆனால், கல்லூரியை முன்கூட்டிப் பார்க்க வேண்டிய தேவை அந்த வகுப்பிலேயே யாருக்கு அதிகமோ, அவள்தான் விடுபட்டாள்.

அன்று சாயங்காலம் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "காலேஜ்ல மணி எப்படி அடிக்கும் சின்னம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், தவறான வகுப்பறைக்கு வெளியே இரண்டு நாள் நின்றிருக்கிறேன். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டால் சிரிப்பார்களா என்று எதுவும் தெரியாது. டிபார்ட்மென்ட் என்றால் ஒரு கட்டடமா, ஒரு ஆளா என்றுகூடத் தெரியாது. நான் சமாளித்தேன். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துப் பார்த்து, அவள் செய்ததைச் செய்தேன். பாப்பாவால் அப்படிச் செய்ய முடியாது. அவளுக்கு ஒன்றை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், முடிந்தால் காட்டியிருக்க வேண்டும். அதன் பிறகு அவள் நம் எல்லோரையும்விடக் கச்சிதமாகச் செய்வாள்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என் தோழி ஒருத்தி ஆய்வு மாணவி. அவளிடம் பேசினேன். வளாகத்துக்கு வெளியே ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மூன்று மாதத்தில் நான்கு முறை போனோம்.

முதல் முறை ஞாயிற்றுக்கிழமை. யாரும் இல்லாத வளாகம். பாப்பா கையில் ஒரு நோட்டு. தண்ணீர் எங்கே, பெண்கள் கழிவறை எங்கே, நிழல் எங்கே, சத்தம் குறைவான இடம் எங்கே என்று அவளே படம் வரைந்து குறித்துக்கொண்டாள். வேறு எதுவும் செய்யவில்லை. கேன்டீன் பூட்டியிருந்தது, அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் முறை வேலை நாள். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று நிறுத்தங்களை முந்தின நாளே மனப்பாடம் செய்துவிட்டாள். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, சேற்றில் ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் நண்டு உண்டே, அந்தப் பெரிய கை ஆண் நண்டுக்குத்தான் உண்டு என்று விளக்கினாள். உப்பனாற்றங்கரையில் பார்த்த நண்டுகளை நான்கு வருடமாக நோட்டில் எழுதிவருபவள் அவள். பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது என்று சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் திரும்பிக்கொள்வாள்.

அந்த ரயிலில்தான் ஒன்று நடந்தது. எதிரில் கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அன்பாகத்தான் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். பாப்பா சொன்னாள். அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். பாப்பா பதில் சொன்னாள். எந்தத் தெரு என்று கேட்டாள். பாப்பா தெருப் பெயரையும், பக்கத்துத் தெருப் பெயரையும், எங்கள் தெருவில் எத்தனை வீடு என்பதையும், எங்கள் வீடு எத்தனையாவது என்பதையும் சொன்னாள். அந்தப் பெண் "ஓ" என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டாள். சிதம்பரம் வரை பேசவில்லை.

பாப்பா என்னிடம் கேட்டாள்: "நான் தப்பா சொல்லிட்டேனா?"

இல்லை என்றேன். அது தெருவைப் பற்றிய கேள்வி இல்லை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நேரா கேக்க வேண்டியதுதான?" என்றாள்.

அக்கா இவளைச் சிதம்பரத்துக்கு அனுப்பப் பயந்ததே இதற்காகத்தான். பாடம், பரீட்சை, விடுதிச் சாப்பாடு எதுவும் அவளுக்குப் பெரிய பயமில்லை. "சாதி கேட்டா இவ என்ன சொல்லுவா? எதுக்குக் கேக்குறாங்கன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நாம் எல்லோரும் அந்தக் கேள்வியைத் தூரத்திலேயே மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள். யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. முகம் மாறுவதை, குரல் இறங்குவதை, தண்ணீர் டம்ளர் தனியாக வருவதைப் பார்த்துக் கற்றோம். முகத்தை வாசிக்கச் சிரமப்படும் ஒரு பிள்ளைக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்துவதே சாதியின் மொழி. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வதுதான் பாப்பாவின் மொழி.

அன்றிலிருந்து இதையும் ஒத்திகையில் சேர்த்துக்கொண்டோம். எப்படி ஒளிப்பது என்று கற்றுக்கொடுக்கவில்லை, அதில் உறுதியாக இருந்தேன். 'இந்தக் கேள்வி இந்த இடத்தில் வரும், அது இதற்காக, பதில் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம், எதிரில் இருப்பவர் முகம் மாறினால் அது அவருடைய கோளாறு.' நோட்டில் இதையும் எழுதிக்கொண்டாள். கழிவறைப் படத்துக்கு அடுத்த பக்கத்தில் அது இருக்கிறது.

மூன்றாம் முறை, ஒரு பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, விலங்கியல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முடியவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு எழுந்து வரலாம் என்று முன்பே பேசிவைத்திருந்தோம். அரை மணி நேரம் இருந்தாள். மின்விசிறிச் சத்தத்தில் வெளியே வந்துவிட்டாள். பத்து நிமிடம் மரத்தடியில் இருந்துவிட்டு, மறுபடி உள்ளே போகலாமா என்று கேட்டாள். தோல்வி என்று நான் நினைத்ததை அவள் கணக்காக எடுத்துக்கொண்டாள். இத்தனை நிமிடம் உள்ளே, இத்தனை நிமிடம் வெளியே.

நான்காம் முறை தோழி வீட்டில் இரண்டு இரவு தங்கினாள். நான் கடலூருக்குத் திரும்பிவிட்டேன். தானே எழுந்து, தானே துணி துவைத்து, மெஸ்ஸில் தானே சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டாள். திரும்பி வந்து முடிவைச் சொன்னாள்: "ஹாஸ்டல் வேணாம். ரயில்ல போய்ட்டு வரேன். மின்விசிறி பக்கத்துல உக்கார மாட்டேன்." ஒருவேளை சிதம்பரத்தில் இடம் கிடைக்காவிட்டால் கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியையும் இதே மாதிரி பார்க்க வேண்டும் என்றாள். பதினேழு வயதில், தன் உடம்புக்கும் மனதுக்கும் எது ஒத்துவரும் என்று இத்தனை தெளிவாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி நான் சொல்ல வந்தது.

பாப்பாவுக்குக் கிடைத்தது என் தோழியால் கிடைத்தது. அறிமுகத்தால் கிடைத்தது. அறிமுகம் என்பது இந்த நாட்டில் பரம்பரைச் சொத்து. பேராசிரியர் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதிலேயே வளாகத்தில் சைக்கிள் ஓட்டுகிறது. அப்பா படித்த கல்லூரி, அத்தை படித்த கல்லூரி, மாமா வேலை பார்க்கும் துறை என்று சோறு சாப்பிடும்போதே அதற்குப் பல்கலைக்கழகம் பழகிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தாலும், ஆயிரம் ஒத்திகை நடந்து முடிந்த பிறகுதான் முதல் நாள் வகுப்புக்குப் போகும். இந்த ஒத்திகைக்கு மதிப்பெண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஆனால் 'தகுதி' என்று பிறகு சொல்லப்படுவதில் பாதி இதுதான்.

இட ஒதுக்கீடு இருக்கையைத் தருகிறது. இருக்கைக்குப் போகும் வழியைப் பழக்குவது யார் பொறுப்பு? முதல் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. நரம்பியல் வேறுபாடு உள்ள முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இதுவே வாசல். தெரியாத இடம் எனக்கு வெட்கத்தைத் தந்தது. பாப்பாவுக்கு அது சுவர்.

சிதம்பரத்தில் நின்று இதைப் பேசும்போது நந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் அவருக்குத் திருநாளைப்போவார் என்றே பெயர். அதைப் பக்தியின் அழகாகச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஏன் இன்று போகவில்லை என்று கேட்டால் கதை வேறாகிவிடும். உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்பதையும் அற்புதமாகச் சொல்கிறார்கள். அதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நம் பிள்ளைகள் நெருப்பில் இறங்காமல் உள்ளே போக ஒரு வாசல் வேண்டும் என்று அவர் கட்டியதாகவே அதை நான் புரிந்துகொள்கிறேன். 1929இல் தொடங்கி, 2013இல் அரசின் பொறுப்புக்கு வந்த பல்கலைக்கழகம் அந்த ஊரின் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போது அது மக்களுடையது. முன்கூட்டி வந்து பார்க்கும் உரிமையைக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

நீதிமன்றங்கள் கொஞ்சம் முன்னே போயிருக்கின்றன. 2020 ஜூலையில், ஆர்யன் ராஜ் வழக்கில், மாற்றுத்திறனாளிகளும் சமூகரீதியாகப் பின்தள்ளப்பட்டவர்களே, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குரிய மதிப்பெண் தளர்வு அவர்களுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சண்டிகர் ஓவியக் கல்லூரியில் சேர விரும்பிய, அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு மாணவரின் வழக்கு அது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், சொல்வதை எழுதுபவரைப் பெற 40 சதவீத ஊனச் சான்று இருந்தாக வேண்டியதில்லை, ஒவ்வொருவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடு சமத்துவத்தின் பகுதியே என்றது. நல்ல தீர்ப்புகள். ஆனால் இரண்டும் தேர்வையும் மதிப்பெண்ணையும் பற்றியவை. சாதியும் ஊனமும் ஒன்றுபோல இயங்குபவை என்றும் நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பிள்ளையின் மேல் விழும்போது, ஒன்றுக்கான சான்றிதழ் மற்றதைச் சரிசெய்யாது. பாப்பாவிடம் இப்போது இரண்டு சான்றிதழ்களும் இருக்கின்றன. ரயிலில் அந்தப் பெண்ணின் 'ஓ'வுக்கு எதுவும் உதவவில்லை.

என்ன செய்யலாம்? பெரிய நிதி எதுவும் தேவையில்லை. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகம் ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கென்றே கோடைப் பள்ளி நடத்திவந்திருக்கிறது. சேர்வதற்கு முன்பே அவர்கள் வளாகத்தில் தங்கி, மாணவர் விடுதி அறையில் தூங்கி, மாதிரி வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அங்கேயும் ஒரு பயம்தான் காரணம், முதல் நாள் அதிர்ச்சியில் நல்ல மாணவர்கள் விலகிவிடக்கூடும் என்ற பயம். நமக்கு அவ்வளவு வேண்டாம். களப்பயணம் ஏற்கெனவே இருக்கிறது. ஐம்பது பேர் ஒரே பேருந்தில் போய்க் கைதட்டிவிட்டு வரும் நாளைத் தவிர, கூட்டம் இல்லாத இன்னொரு நாளை ஒதுக்குங்கள். ஓரிரு பிள்ளைகள், கூட ஒருவர். படங்களோடு ஒரு பக்க வழிகாட்டி, தமிழில். வகுப்பில் உட்கார்ந்து பார்க்கவும் இடையில் எழுந்து போகவும் அனுமதி. பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு ஆள். பல்கலைக்கழகங்களில் சம வாய்ப்பு மையம் வேண்டும் என்று யுஜிசி நீண்ட காலமாகச் சொல்லிவருகிறது. அந்த மையத்தின் வேலை சேர்க்கைக்குப் பிறகு தொடங்குவதாக இருக்கக் கூடாது. அதே அறையில் சாதிப் பாகுபாட்டுப் புகாரையும் கொடுக்க முடியும் என்று அந்த வழிகாட்டியில் எழுதியிருக்க வேண்டும்.

'உலகம் இப்படியெல்லாம் வளைந்துகொடுக்காது, பழகிக்கொள்ளட்டும்' என்று சிலர் சொல்வார்கள். சிலருக்கு உலகம் பிறந்த நாளிலிருந்தே வளைந்துகொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவர்களுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தகுதி, திறமை என்று நம்மை மட்டம் தட்டும்போதெல்லாம் நாம் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையின் படத்தை பிளெக்ஸில் போட்டுப் பதில் சொல்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால், அப்படிச் செய்யும்போது அவர்கள் வைத்த அளவுகோலை நாமும் கையில் எடுத்துக்கொள்கிறோம். பிளெக்ஸில் வராத பிள்ளைகள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். ஆட்டிசம் என்பது இங்கிலீஷ் மீடியம் பெற்றோர் பேசுகிற விஷயம் என்று நம் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது, 'காலனிப் பிள்ளைங்களுக்கு இவ்ளோதான்' என்று சொன்ன அந்த ஆசிரியரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

இதைப் படிக்கும் நீங்கள் பலர் இப்போது கல்லூரியில் இருப்பீர்கள். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், 'அது ஒரு மாதிரி' என்று சொல்லப்படும் ஒரு பிள்ளை பத்தாவதோ பிளஸ் டூவோ படித்துக்கொண்டிருக்கும். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போங்கள். அறிவுரை சொல்லாதீர்கள். தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே, நிழல் எங்கே என்று காட்டுங்கள். அந்தப் பிள்ளை 'வேண்டாம்' என்று முடிவெடுத்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்பது வேறு, பார்க்கவே விடாமல் வேண்டாம் என்று நாம் சொல்வது வேறு. உங்கள் மாணவர் அமைப்பின் கோரிக்கைப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

பாப்பாவுக்குச் சிதம்பரத்தில் இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ரயில் பயணம் தினமும் தாங்குமா, அந்த 'எந்தத் தெரு' எத்தனை முறை வரும் என்றும் தெரியாது. மணி பற்றிய கேள்விக்கு மட்டும் இப்போது பதில் இருக்கிறது. அவளே கேட்டுவிட்டு வந்து நோட்டில் எழுதியிருக்கிறாள்: 'பள்ளிக்கூடத்து மணி அளவுக்குச் சத்தம் இல்லை. காதைப் பொத்த வேண்டாம்.'